வீட்டுச் சோப்புத்தூளும் ஒரு பழைய கடன் கணக்கும்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு, விருந்தினர் பார்க்கிங் என்று எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கப் போகும் நேரத்தில், எஸ்டிபி தொட்டியில் நுரை பொங்குகிறது என்று ஆபரேட்டர் சொன்ன புகார் மேசைக்கு வந்தது. உடனே பேச்சு பி பிளாக்கில் சில வீடுகளில் சேர்ந்து தயாரிக்கும் சோப்புத்தூள் பக்கம் திரும்பிவிட்டது. "கெமிக்கல் இல்லாதது, மலிவு, அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டிலேயேதானே செய்துகொண்டார்கள்" என்றது ஒரு தரப்பு. "வளாகத்துக்குள் இதைத் தடை செய்ய வேண்டும்" என்றது இன்னொரு தரப்பு.

"அந்தக் காலத்தில்" என்ற சொல்லைக் கேட்டதும் நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன். "சார், அதை அப்படியே அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுத்துடுங்க" என்று செயலாளர் முடித்துவிட்டார்.

நான் பி.காம். படித்தவன். 38 ஆண்டுகள் வங்கியில் எழுத்தராக இருந்து, ஊர் மாறப் பயந்து பதவி உயர்வே வாங்காமல் ஓய்வு பெற்றவன். வேதியியல் எனக்குப் பள்ளியோடு சரி. ஆனால் சோப்புத்தூள் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

களர் நிலத்துக் கிணறு

துணியில் ஒட்டும் அழுக்கில் பெரும்பகுதி எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தது. வெறும் தண்ணீருக்கு அது அசையாது. காரம் கலந்த தண்ணீருக்கு அசையும். இதை நம் ஊரில் எவ்வளவு காலமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் புறநானூறே சாட்சி. ஔவையார் பாடிய 311ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். நல்ல கிணற்றை விட்டுவிட்டு அவள் ஏன் களர் நிலத்துக்குப் போனாள்? களர் மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. இன்று நாம் சலவை சோடா என்று பாக்கெட்டில் வாங்குவதும் அதுதான். பயிர் விளையாத மண், துணி வெளுக்க உதவியது.

பின்னாளில் இதே காரம் உவர்மண்ணாகவும் சாம்பலாகவும் சலவைத் தொழிலாளர் கைக்கு வந்தது. உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அதில் துணியை ஊறவைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, கீழே விறகு எரித்து ஆவியில் வேகவைப்பார்கள். இதுதான் வெள்ளாவி. மறுநாள் குளத்துக் கல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைக்க வேண்டும். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை துவைப்புக்கும் அந்தக் குறி அழியாது.

சென்னையின் வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததும் இந்தத் தொழிலால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து கப்பலில் ஏற்றிய பருத்தித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் அது. தறியில் இருந்து இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். அதை வெள்ளையாக்கினால்தான் ஏற்றுமதி. நெசவாளரைப் பற்றி நாம் படிக்கும் அளவுக்கு வெளுத்தவர்களைப் பற்றிப் படிப்பதில்லை.

ஆகவே "அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டிலேயே செய்துகொண்டார்கள்" என்பதில் ஒரு திருத்தம் தேவை. தலைக்குச் சீயக்காய், பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை, பாத்திரத்துக்குச் சாம்பல், இவை வீட்டில் நடந்தன. தினசரித் துணியைக் கையால் கசக்கியவர்களும் உண்டு. ஆனால் வசதியுள்ள வீடுகளின் அழுக்குத் துணி மூட்டையாகக் கட்டப்பட்டு ஒரு குடும்பத்தின் முதுகிலோ கழுதையின் முதுகிலோதான் போயிற்று.

தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் அப்படி வந்து துணி எடுத்துப்போன அம்மாளுக்கு என் பாட்டி வயது இருக்கும். அறுவடைக்கு அறுவடை நெல்லும், அன்றாடம் சாயங்காலம் வீடு வீடாக வாங்கிப்போகும் சோறும்தான் அவருக்குக் கூலி. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "வா, போ" என்றுதான் பேசினேன். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அவர் கையை மட்டும் ஞாபகம் இருக்கிறது. விரல் நுனிகள் வெளுத்து, வெடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். அது உவர்மண் செய்த வேலை என்று புரிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பெட்டியில் வந்த சோப்பு

எண்ணெயும் காரமும் சேர்ந்து வேகும்போது கிடைப்பது சோப்பு. உலகத்தின் பல பகுதிகளில் இது பழைய அறிவு. சிக்கல் காரம் கிடைப்பதில்தான் இருந்தது. ஐரோப்பாவில் மரத்தையும் கடல்பாசியையும் எரித்த சாம்பலில் இருந்துதான் காரம் எடுத்தார்கள். 1791இல் நிக்கோலா லெபிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பில் இருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1861இல் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே அதைவிடச் சிக்கனமான முறையைக் கொண்டுவந்தார். உப்பு இருக்கும் இடமெல்லாம் சோடா எடுக்கலாம் என்றானதும் சோப்பு பெரிய ஆலைப் பொருளாயிற்று.

1888இல் இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் தயாரித்த சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. நம் பக்கத்திலும் வேலை நடந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில், மாகாண அரசு 1914இல் ஒரு சோப்புத் தொழிற்கூடம் தொடங்கியது. 1917இல் டாடா ஆயில் மில்ஸ் கொச்சிப் பக்கம் ஆரம்பிக்கப்பட்டது. அவர்களுடைய 501 பார் சோப்பு என் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். நீளமான கட்டியை மளிகைக்கடைக்காரர் கம்பியால் அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

வீட்டில் அல்லது ஊரில் சோப்பு செய்துகொள்வது என்பதை ஒரு பொருளாதாரக் கொள்கையாகவே எடுத்தவர்களும் இருந்தார்கள். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். கணக்குப் படித்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு சொந்தம். வார்தாவில் அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட தொழில்களில் சோப்பும் ஒன்று. உவர்மண்ணில் இருந்து காரம் எடுத்து, சமையலுக்கு ஆகாத எண்ணெயோடு சேர்ப்பது அதன் வழி. காதிக் கடைகளில் இன்றும் வேப்பெண்ணெய்ச் சோப்பு இருப்பது அந்த வழியின் தொடர்ச்சி. ஒரு பொருளின் விலைச்சீட்டில் வராத செலவுகளையும் வாங்குகிறவர் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது குமரப்பாவின் வாதம். யார் உழைத்தார், எந்த மண்ணும் நீரும் செலவாயிற்று என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்தக் கட்டுரைக்கு அந்த ஒரு கருத்து போதும்.

உப்புத் தண்ணீரும் டிடர்ஜென்ட்டும்

சோப்புக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும் கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்த உப்புகளோடு சேர்ந்து தயிர்த்திரி போலப் பிரிந்து, துணியிலும் வாளியிலும் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். நம் வளாகத்து போர்வெல் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது இந்த உப்புகள்தான்.

சோப்புக்கு மாற்றைத் தேட இது ஒரு காரணம். முதல் உலகப் போரில் ஜெர்மனியில் எண்ணெயும் கொழுப்பும் கிடைக்காமல் போனது இன்னொரு காரணம். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி பல படிகள் தாண்டி, 1946இல் அமெரிக்காவில் டைட் என்ற தூளாக வந்து நின்றது. அழுக்கு நீக்கிப் பொருள் ஒன்று, தண்ணீரின் கடின உப்புகளைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட் ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் அதன் ரகசியம். இந்தியாவுக்கு 1959இல் சர்ஃப் வந்தது. அதுவரை துணியில் சோப்பைத் தேய்த்துக் கல்லில் அடித்தவர்களுக்கு, வாளியில் தூளைக் கரைத்துத் துணியை ஊறவைப்பது புதிய பழக்கம்.

ஆனால் கணக்கில் எங்கோ பற்று எழுதியே ஆக வேண்டும். 1950களில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா நாடுகளின் ஆறுகளிலும் கழிவுநீர் நிலையங்களிலும் மலை மலையாக நுரை நின்றது. அன்றைய டிடர்ஜென்ட்டின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடியவில்லை. ஜெர்மனி 1961இல் இதற்கென்று சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965இல், பாக்டீரியா தின்னக்கூடிய நேர்க்கோட்டு மூலக்கூறுக்கு மாறின. சுருக்கமாக எல்.ஏ.பி. என்று சொல்லும் அதன் மூலப்பொருள் இன்று நம் சென்னை மணலியிலும் தயாராகிறது. பாஸ்பேட்டோ வேறு வினை செய்தது. ஏரிகளில் பாசிக்கு உரமாகி மீன்களுக்கு மூச்சுத் திணறலாயிற்று. 1970களில் இருந்து பல நாடுகள் அதையும் கட்டுப்படுத்தின.

இதைச் சொல்வதற்குக் காரணம், எஸ்டிபி தொட்டியின் நுரை நாம் கண்டுபிடித்த புதுப் பிரச்சினை இல்லை என்பதுதான்.

கொல்லைப்புறத் தொழிற்சாலைகள்

சர்ஃப் நல்ல தூள், ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலை. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் அந்த இடைவெளியைப் பார்த்தார். வேதியியல் பட்டதாரி, குஜராத் அரசின் கனிமத் துறையில் ஆய்வகப் பணியாளர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் வீட்டுக் கொல்லையில் சோடாவைக் கலந்து மஞ்சள் தூள் செய்து, சைக்கிளில் வீடு வீடாகப் போய் விற்றார். கிலோ 3.50 ரூபாய். சர்ஃப் விலையில் நாலில் ஒரு பங்கு அளவுதான். மகள் நிருபமாவின் நினைவாக வைத்த பெயர் நிர்மா. 1980களின் நடுவில் அது சர்ஃபை விற்பனையில் முந்தியது. தொலைக்காட்சியில் லலிதாஜி என்ற குடும்பத்தலைவி வந்து மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான்.

1983இல் கேரளத்தில் எம்.பி.ராமச்சந்திரன் தொடங்கிய உஜாலாவும் அப்படித்தான். அவர் கணக்காளர், நம்ம ஜாதி. அதாவது வணிகவியல் ஜாதி. சமையலறையில் சோதனை செய்து பார்த்த சொட்டு நீலத்தை, அண்ணன் தம்பியிடம் வாங்கிய 5,000 ரூபாயை வைத்துத் தொழிலாக்கினார்.

இந்த இரண்டு கதைகளும் பத்திரிகைகளில் வந்தன. தமிழ்நாட்டில் எத்தனை இளைஞர்கள் அவற்றைப் படித்துவிட்டுச் சோப்புத்தூள் தொழிலில் இறங்கினார்கள் என்பதைப் பத்திரிகைகள் எழுதவில்லை. வங்கிக் கவுன்டரில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

என் கணக்கு

1983இல் மத்திய அரசு, படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான சுயவேலைவாய்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி இறுதி முடித்த, 18 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரை கடன். அதில் கால் பங்கு மானியம். மாவட்டத் தொழில் மையம் தேர்ந்தெடுத்து அனுப்பும், வங்கி கடன் கொடுக்கும்.

நான் அப்போது ஒரு சிறு நகரக் கிளையில் கடன் பேரேடு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டத்தில் வந்த ஒரு இளைஞருக்கு 24 வயது இருக்கும். தொழில், சோப்புத்தூள். ஒருமுறை மேலாளரோடு போய் அவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்தேன். சிமென்ட் தரையில் சோடாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, எல்.ஏ.பி.யில் இருந்து எடுக்கும் ஆசிட் சிலரி என்ற கரும்பழுப்புக் குழம்பை ஊற்றி, மண்வெட்டியால் புரட்டுவார்கள். அமிலமும் காரமும் சேர்ந்து சூடேறும். ஒரு ராத்திரி உலரவிட்டு, உதிர்த்து, சல்லடையில் சலித்து, வாசனை சேர்த்து, கிலோ கணக்கில் பையில் போட வேண்டும். சலித்தது அவருடைய மனைவியும் அம்மாவும். மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டியிருந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை.

அன்று அவர் எனக்கு ஒரு பாக்கெட் கொடுத்தார். "சார், வீட்டுல அம்மாகிட்ட குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். காசு கொடுத்தே வாங்கிக்கொண்டேன்.

துணி நன்றாகத்தான் வெளுத்தது. ஆனால் பத்து நாளில் என் அம்மாவின் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. கிராமத்தில் துணி எடுத்துப்போன அந்த அம்மாளின் கை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. "அந்தப் பையன்கிட்ட சொல்லுடா, பாவம், தெரியாம செய்யறான்" என்றார் அம்மா. நான் சொல்லவில்லை. கஷ்டப்பட்டு முன்னுக்கு வருகிறவரிடம் குறை சொல்வானேன் என்று நினைத்தேன். அதற்குப் பரிகாரமாக மாதம் ஒரு பாக்கெட் வாங்கிப் பரணில் போட்டேன். அவர் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கு தம்பி" என்றேன்.

ஒன்றரை வருடத்தில் தவணை நின்றது. நோட்டீஸ் எழுதும் வேலை என்னுடையது. என் கையெழுத்தில்தான் போயிற்று. அவர் வந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாரும் ஒரு தடவை வாங்கறாங்க சார். ரெண்டாந்தடவை ஏன் வாங்க மாட்டேங்கறாங்கன்னுதான் புரியல."

எனக்குக் காரணம் தெரியும். பேரேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகு வேறு ஒரு சிறுதொழில்காரர் விளக்கினார். சிலரியின் அமிலத்தை முறிக்கத் தேவையான சோடா ஒரு அளவு. அதற்கு மேல் தூள் உதிரியாக வரவும் விலை குறையவும் போடும் சோடா அளவில்லாமல் போனால், அது கையைத் தின்னும். கார அளவு காட்டும் காகிதச் சுருளைக் கரைசலில் நனைத்துப் பார்த்திருந்தால் நிறம் காட்டிக் கொடுத்திருக்கும். அந்தச் சுருள் சில ரூபாய்தான். அந்த இளைஞர் மனைவியின் நகையை விற்றுக் கடனை அடைத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வங்கிக் கணக்கு நேராகிவிட்டது. என் பரணில் 17 பாக்கெட் இருந்தது.

பி பிளாக் ஜாடி

இரண்டு மாதம் முன்பு பி பிளாக்கில் இருந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு ஜாடி வந்தது. துருவிய துணிச்சோப்பு, சலவை சோடா, வெங்காரம் மூன்றும் கலந்தது. என் மனைவி மூன்று வாரம் எங்கள் மெஷினில் போட்டுப் பார்த்தாள். இந்த முறை நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் நியாயம். எஸ்டிபி நுரைக்கு இந்த ஜாடிதான் காரணம் என்று சொல்ல முடியாது. நம் தண்ணீரில் சோப்பு அவ்வளவு நுரைக்காது. நுரைக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் நம் எல்லோர் வீட்டுக் கடைத்தூளும் உண்டு. கை சலவைக்கான தூளை மெஷினில் போடுவதும், "இன்னும் கொஞ்சம்" என்று மூடி நிறைய ஊற்றுவதும் எல்லா பிளாக்கிலும் நடக்கிறது. எங்கள் வீட்டிலும்தான்.

அடுத்து குறை. மூன்றாவது வாரம் எங்கள் துண்டுகள் சாம்பல் நிறமாகி, தண்ணீரை உறிஞ்ச மறுத்தன. மெஷின் கதவின் ரப்பரில் பிசுக்கு. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்ததன் விளைவு இது. இந்தத் தோல்விக்காகத்தான் உலகம் சோப்பை விட்டு டிடர்ஜென்ட்டுக்குப் போனது. மெஷின் உள்ளவர்கள் நம் போர்வெல் தண்ணீரில் துருவிய சோப்பைப் போட வேண்டாம்.

"கெமிக்கல் இல்லாதது" என்பதும் சரியல்ல. சலவை சோடாவும் வெங்காரமும் கெமிக்கல்தான். பயன்படுத்துகிறவர்கள் கையுறை போடுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், ஜாடியில் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உங்களுக்காகத் துவைக்கும் பணிப்பெண்ணுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்தால் பொங்குவது பார்க்க அழகாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் துணிக்குப் பெரிதாகப் பயன் இல்லை. பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கு ஆபத்து.

வீட்டு வழிதான் வேண்டும் என்றால் பூந்திக்கொட்டை இருக்கிறது. கொட்டையை நீக்கி, தோலை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் மிதமான நுரையோடு ஒரு நீர் கிடைக்கும். பட்டு, கம்பளி, லேசாக அழுக்கான துணிகளுக்கு நல்லது. கைக்குழந்தையின் மூத்திரத் துணிக்கும் காலர் அழுக்குக்கும் அது போதாது. இரண்டு நாளில் புளித்துவிடும், அவ்வப்போதுதான் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் எரியும்.

கடைத்தூள்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். பாக்கெட்டில் சொல்லும் அளவில் இருந்து ஒரு ஸ்பூன் குறைத்துப் பாருங்கள். துணி அப்படியே வெளுத்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

கடைசியாகத் தோட்டம். நம் எஸ்டிபி தண்ணீர் பூங்காவுக்கும் வேலியோர மரங்களுக்கும் போகிறது. எஸ்டிபி நுரையையும் அழுக்கையும் ஓரளவு எடுத்துவிடும். சோடாவில் உள்ள சோடியத்தை எடுக்காது. அது மண்ணில் சேரும். சேரச் சேர மண் இறுகும், தண்ணீர் இறங்காது, காரம் ஏறும். அப்படியான நிலத்துக்குத் தமிழில் களர் என்று பெயர். புறநானூற்றுப் பெண் தேடிப்போன நிலத்தை நாம் நம் பூங்காவிலேயே தயாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. இதில் வீட்டுத் தூளுக்கும் கடைத்தூளுக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டிலும் சோடா உண்டு.

எனவே அடுத்த பொதுக்குழுவில் நான் முன்மொழியப் போவது தடை இல்லை. பூங்கா மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். எஸ்டிபிக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் சோதித்த அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். அதன் பிறகு யார் எதை நிறுத்துவது என்று பேசலாம்.

இந்தக் கட்டுரையைச் செயலாளருக்கு அனுப்புவதற்கு முன் ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு பி பிளாக் போனேன். துண்டு சாம்பலானதையும் ரப்பர் பிசுக்கையும் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். "எங்க துண்டும் அப்படித்தான் ஆச்சு அங்கிள், எங்க மெஷின்லதான் கோளாறுன்னு நெனச்சேன். நாலு வீட்டுக்குக் குடுத்தேன், எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க" என்றார்.

ஜாடி வாங்கிய மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இதைப் படித்தால், ஒரு நடை பி பிளாக் போய் வாருங்கள்.